கியர்பாக்ஸில் மட்டும் பிரேக் இருந்த கார்

1938 மார்ச் 13, ஞாயிறு, காலை ஆறு மணி இருபது நிமிடம். கொல்லிமலை அடிவாரத்தில் லேசான பனிமூட்டம். மலையேற்றப் பந்தயத்துக்காக நானும் மருமகனும் பழைய உதிரிகளைக் கொண்டு சேர்த்த காரை அன்றுதான் முதன்முதலாக மேட்டுத் தடத்தில் ஏற்றினோம்.

எஞ்சின் ஒரு லாரியுடையது. கியர்பாக்ஸ் வேறொரு காருடையது. வண்டியின் ஒரே பிரேக்கும் அந்தக் கியர்பாக்ஸின் பின்புறத்தில்தான் இருந்தது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிஃபரன்ஷியல் இரண்டு கிடைத்தன. பத்தொன்பது ரூபாய் மிச்சமென்று சிறியதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

"லாரி எஞ்சின் இழுக்கற இழுப்புல இது பொக்கவாய் ஆயிருமுங்க" என்று அதைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் சிரித்தார். நான் அதன் பல்சக்கரத்தின் பற்களை இரண்டு முறை எண்ணி, நாற்பத்தைந்தும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன்.

முந்நூறு அடி ஏறியதும் அந்தப் பற்கள் படபடவென்று உடைந்தன. கார் பின்னோக்கி உருண்டது.

"மாமா, பிரேக் புடிச்சும் நிக்கலீங்க!" என்று ஓட்டிக்கொண்டிருந்த மருமகன் அலறினார்.

பிரேக் கியர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. டிஃபரன்ஷியல் உடைந்ததால் அந்தப் பிடி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பின்னால் பன்னிரண்டு அடியில் பள்ளம்.

அப்போதுதான் எங்களைத் தாண்டி இறங்கியிருந்த மலை விவசாயி ஒருவர், தலையிலிருந்த மிளகு மூட்டையைச் சக்கரத்தின் பின்னால் வீசினார். கார் ஏறி நசுக்கி நின்றது. பள்ளத்துக்கு மூன்றடி மீதி.

"எறங்குங்க சாமி, வண்டி நின்னுருச்சு. என்ற மிளகுதான் ரசத்துக்கு ஆயிருச்சு" என்றார் அவர்.

இப்போது பிரேக்கைச் சக்கரங்களிலேயே வைத்திருக்கிறோம். எஞ்சினின் இழுப்பைக் கேட்ட பிறகே டிஃபரன்ஷியலை விலை பேசுகிறேன். மிளகு, பெரிய டிஃபரன்ஷியல், பிரேக் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு தொண்ணூற்று மூன்று ரூபாய் ஆறணா.