ஓடுவதற்கு ஒரு பக்கம்

யுத்தம் முடிந்த மறுவருடம், உடம்பு சாரனைத் தவிர வேறொன்றையும் தாங்காத ஓர் ஆவணி வெக்கையில், பனிச்சறுக்குப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ஊரான ஆரையம்பதியில் அதற்கு முன் யார் தலையிலாவது அது விழுந்ததா என்று விசாரித்தேன். விசாரித்த இடமெல்லாம் சிரித்தார்கள்.

அழைத்தவன் என் மனைவியின் தம்பி. மீசை முளைக்கத் தொடங்கிய வயதில் சுவிஸுக்குப் போனவன், இப்போது அங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரன். ஊருக்கு வந்துபோக அவனுடைய பத்திரங்கள் இன்னும் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் அக்காதான் போக வேண்டும். அவனுக்கோ மார்கழித் தொடக்கத்தில் ஒரு கிழமைதான் லீவு. நத்தார்ப் பண்டிகைக் கூட்டம் வரத் தொடங்கினால் அடுப்பை விட்டு அசைய முடியாது.

"அந்த ஒரு கிழமையையும் மலையில கழிப்பம் அத்தான். நீங்களும் சறுக்கலாம்," என்றான் தொலைபேசியில்.

"நீ சறுக்கியிருக்கிறியா?"

"எனக்கெங்க நேரம்? பிள்ளையள்தான் சறுக்குறது. அந்த இடத்தையே நான் இன்னும் கண்டதில்ல. ஆனா சீசன் தொடக்கம் எண்டா அறை பாதி விலை."

கல்லடிப் பாலத்தில், நின்றுகொண்டிருந்த சைக்கிளிலிருந்து விழுந்தவன் நான். அந்த விவரத்தைச் சொல்லாமல் சம்மதித்தேன்.

என் கவலை சறுக்குவதைப் பற்றியதல்ல, மனைவியைப் பற்றியது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. சுனாமி அன்று நாங்கள் ஓடிப்போய் ஏறியது பக்கத்து ஊரான காத்தான்குடியில் ஒரு சாரன் வியாபாரியின் மொட்டை மாடியில். அன்றிலிருந்து என் மனைவி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மாடி எங்கே என்று பார்ப்பாள். கலியாண வீட்டில் பந்தியில் குந்துவதற்கு முன்னால் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டுவைப்பாள். மாடியில்லாத வீட்டில் இரவு தங்க மாட்டாள். இதனாலேயே நாங்கள் பல சொந்தக்காரருக்குத் தூரமாகிப்போனோம். ஒரு சிலரைப் பொறுத்தவரை அது இலாபம்தான்.

ஆகவே நான் இப்படி ஆரம்பித்தேன்: "இது மலை. முழு ஊரும் மொட்டை மாடி. கடலுக்கு ஒரு பகல் பிரயாணம் போகவேணும்."

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நாளே பட்டணத்துக்குப் போய், நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வாங்கும் கம்பளிச் சட்டைகள் இரண்டை வாங்கிவந்து பெட்டியின் மேல் வைத்தாள். எனக்கு வாங்கியதைப் போட்டுப் பார்த்தேன். கடித்தது. பனி இதைவிடக் கொடுமையாக இருக்க முடியாது என்று தோன்றியது.

அடுத்த சிக்கல், அந்த நேரத்தில் பனி விழுந்திருக்குமா என்பது. விழும், விழாமலும் போகும் என்றான் மைத்துனன். இதைக் கரடியனாற்றில் எங்கள் வயல்வட்டைக்குப் பக்கத்து வயல்காரரான சிநேகிதரிடம் சொன்னேன்.

"அப்ப மானாவாரி எண்டு சொல்லுங்க," என்றார்.

"இல்ல, மெசின் வைச்சுத் தண்ணியடிச்சும் பனி செய்வாங்களாம்."

"அப்ப நீர்ப்பாசனம். ஆரு தண்ணி திறக்கிறது எண்டு முதல்ல கேளுங்க. இல்லாட்டி அங்க போயும் நீங்க வானத்தைப் பாத்துக்கொண்டுதான் நிப்பீங்க."

பனிச்சறுக்கைப் பற்றி எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் படிக்கும் வியாதி. நூலகத்திலிருந்து மலைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, பின்னேரத் தேத்தண்ணியோடு மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கினேன். பறவைகள், பூக்கள், பசுக்களின் கழுத்து மணிகள் எல்லாம் நல்லபடியாகப் போயின. பக்கத்தைத் திருப்பினேன். வாய் என்னை முந்திக்கொண்டு அடுத்த அத்தியாயத்தை வாசித்துவிட்டது. மலைச்சரிவில் குவிந்து கிடக்கும் பனி சில வேளைகளில் மொத்தமாகப் பெயர்ந்து, மரத்தையும் வீட்டையும் வாரிக்கொண்டு கீழே வருமாம்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மேலேருந்தா வரும்?"

"எப்பவாவதுதான்..."

"அப்ப மேல ஓட ஏலாது."

"ஏலாதுதான்."

"கீழ ஓடினா அது பின்னால வரும். அப்ப எங்கால ஓடுறது?"

அவள் எழுந்து போய்க் கம்பளிச் சட்டைகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "நீங்க போய் அவனைப் பாத்திட்டு வாங்க. நான் வரல்ல."

அந்த இடத்தின் வரைபடத்தை இன்டர்நெட் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து பார்த்தேன். நீலம், சிவப்பு, கறுப்பு என்று சறுக்கும் பாதைகள் ஓடின. சறுக்குகிறவன் எப்படிக் கீழே வரலாம் என்று அது விளக்கமாகச் சொன்னது. பனியே கீழே வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. புத்தகமோ பக்கவாட்டில் ஓடு என்றது. அதைச் சொன்னபோது, "பக்கவாட்டில என்ன இருக்கு?" என்றாள். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். அது செய்த வேலை போதும்.

மைத்துனனிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். "அத்தான், இங்க வேலி கட்டியிருக்கிறாங்கள், ஆக்கள் காவலிருக்கிறாங்கள். அக்காட்டச் சொல்லுங்க."

"சொல்லிப்போட்டன். வேலியை நீ கண்டியா எண்டு கேக்கிறா."

அவன் சிரிப்பு நின்றது. சுனாமி அன்று அங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடி எங்கள் நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தவன் அவன். நாங்கள் உயிரோடு இருக்கிற செய்தி அவனுக்கு நாட்கணக்காகப் போகவில்லை. "சரி, நான் பாக்கிறன்," என்று வைத்துவிட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள், மனைவி மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. கையில் செதிளோடு அவளால் எடுக்க முடியாததால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"அக்கா, நான் அந்த ஊரிலதான் நிக்கிறன். லீவு நாள், ரெயிலேறி வந்திட்டன். பனியக் காணல்ல. பசும்புல்லு, மாடு மேயுது."

"சாப்பிட்டியா?"

"பிறகு. கேளுங்க. நான் பாத்து வச்ச அறை மலையடியில கிடக்கு, அது சரிவராது. வேற அறை பாத்திருக்கன். வாசலால வெளிக்கிட்டா றோட்டு, அங்கால ஆறு, ஆத்துக்கு மேல பாலம், பாலத்துக்கு அங்கால ஸ்டேசன். கொங்கிறீற் கட்டிடம், நாலு மாடி. இந்த மலையில வேலி மூணு வரிசை, என்ட கண்ணால எண்ணினன். எப்ப பனி பெயர்ந்து வந்தாலும் ஸ்டேசன் பக்கம் வராதாம்; கடைக்காரக் கிழவியிட்டக் கேட்டன்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "தம்பி, அந்த அறை வாசல்ல நில்லு."

"நிக்கிறன்."

"ஸ்டேசனுக்கு ஓடு பாப்பம்."

"இப்பவா? ஆக்கள் பாக்கிறாங்க அக்கா!"

"பாக்கட்டும். போனை வைக்காம ஓடு."

அவன் ஓடினான். காலடிச் சத்தம் கேட்டது. இடையில் ஒரு நாய் குரைத்தது. யாரோ அந்த ஊர்ப் பாஷையில் எதையோ கேட்டார்கள். பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறியது. நாற்பதைத் தாண்டிய ஒரு சமையல்காரன் புல் மட்டுமே முளைத்திருந்த பனிச்சறுக்கு ஊரில், துரத்த எதுவுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். ஆரையம்பதிக் குசினியில் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"வந்... வந்திட்டன் அக்கா."

அவள் மீன்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, போனை என்னிடமிருந்து வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு வாங்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

"சின்னனிலயும் ஓடினா இப்பிடித்தான் இளைப்பான்," என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது. பிறகு போனில், "அத்தானால அவ்வளவு தூரம் ஓட ஏலுமா?" என்று கேட்டாள்.

"தொந்தியோடயா? கஸ்டம்."

"நான் இழுத்துக்கொண்டு வாறன். நீ அந்த அறையையே போடு."

கம்பளிச் சட்டைகள் மறுபடி பெட்டியின் மேல் வந்தன. பயணத்துக்கான என் பயிற்சியும் அடுத்த நாள் விடியவே தொடங்கியது. சறுக்குவதற்கல்ல, அந்தப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவேயில்லை. வீட்டு வாசலில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கடலுக்கும் வாவிக்கும் நடுவே போகும் பிரதான வீதியில் நான் காத்தான்குடிப் பக்கமாக ஓடினேன். பக்கவாட்டில்.