புரட்டாத கருவாடு

எங்கள் கற்பிட்டிக் கரையில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால், பக்கத்து ஓலைக்குடில் வாடியில் மீன் காயவைக்கும் கத்தோலிக்கர் என் வள்ளத்தில் ஊறிய தண்ணீரை இறைத்துவிடுவார். ஞாயிறு அவர் பூசைக்குப் போனால், அவருடைய கருவாட்டை நான் புரட்டிப்போடுவேன்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் முஸ்லிம் பெயர் தாங்கிய சிலர் வைத்த குண்டுகள் வெடித்த பிறகும் கரையில் எவரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மீன் விலையைத்தான் கதைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் நெஞ்சென்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, இனி நாமேதான் இறைக்க வேண்டும் என்று தொழுகை முடிந்ததும் வாளியோடு போனேன். வள்ளம் காய்ந்து கிடந்தது. யார் இறைத்திருப்பார்கள்? அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, நீங்களா இறைச்சீங்க?"

"வேற யாரு தம்பி? இண்டைக்கு வெள்ளிக்கிழமை தானே."

வலையிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிறும் வந்தது. தேவாலயங்களை மூடியிருந்தார்கள், பூசை இல்லை. அவர் என்ன செய்கிறார் என்று அறியும் ஆவலில், வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். வாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே கருவாடு ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. மறுபக்கத்தை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்.