தங்கச்சி எதிரே நிற்க ஒரு மடிக்கணினி

என் மனைவியின் தங்கை கட்டார் நாட்டில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலையில் இருக்கிறாள். வீடியோ அழைப்பில் அவள் எப்போதும் நன்றாகத்தான் இருப்பாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டிருப்பாள். தூங்கினாயா என்றால் தூங்கியிருப்பாள். முகத்தைக் காட்டு என்றால் ஒரு கணம் காட்டிவிட்டு, பேச்சை நம் ஊர் மழைக்கு மாற்றிவிடுவாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு பார்சல், இலங்கை மலைநாட்டில் இருக்கும் எங்கள் ஊரான தலவாக்கலைக்கு வந்தது. கூட வேலை செய்த ஒருவர் நாடு திரும்பும்போது தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் வேறோர் இடத்தைக் காட்டும் இரண்டு விஆர் ஹெட்செட்டுகளை மலிவாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் மேசைப்பந்தில் ஜோடியாக ஆடியவர்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அவள் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே மேசையில் ஆடலாம் என்பது ஏற்பாடு. தீபாவளியன்று காலையில் ஆடுவதென்று பேசி முடித்தார்கள்.

"அவ வாய நம்ப முடியாதுங்க" என்றாள் மனைவி. "எதிர்ல நின்னு நாலு பந்து அடிச்சான்னா, எப்படி இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

இந்த ஹெட்செட் தனியாக இயங்காது. தடித்த வயர் ஒன்றால் கணினியோடு இணைக்க வேண்டும். அந்தக் கணினியில் படத்தை வேகமாக வரைந்து காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும். தங்கைக்கு அங்கே கூடத் தங்கியிருப்பவளின் கணினி இருந்தது. கணித ஆசிரியையான என் மனைவியின் பழைய மடிக்கணினி மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டவே மூச்சு வாங்கும். புதிது வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. செய்தி ஆசிரியர் மேசையில் பல வருடம் இருந்தவன் என்பதால், எதையும் சரிபார்த்துச் சொல்வேன் என்று என் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு.

வாசித்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். மடிக்கணினியில் கார்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கார்டைத் தெரிவு செய்வது என்றால் முழு மெஷினையும் தெரிவு செய்வதுதான். ஒரே பெயருள்ள கார்டு மெல்லிய மெஷினில் குறைந்த மின்சாரத்தில் நடக்கும், தடித்த மெஷினில் ஓடும். மூன்றாவது விஷயத்தை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. ஹெட்செட்டின் வயர் செருகும் துளை நேரே கார்டோடு இணைந்திருக்க வேண்டும். பல மெஷின்களில் அது உள்ளே இருக்கும் இன்னொரு சாதாரணச் சிப்போடு இணைந்திருக்கும். அப்படியானால் கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

பக்கத்து நகரமான ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கணினிக் கடை இருக்கிறது. அதன் முஸ்லிம் முதலாளியை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஹெட்செட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் போனோம்.

"இதப் பாருங்க சேர். எட்டு ஜிபி கார்டு. கொழும்புல இருக்கிறவனே இதத்தான் தேடுறான்."

"இந்தப் போர்ட் கார்டோட சேருதா, நானா?"

"எல்லாம் ஒரே மெஷினுக்குள்ளதானே சேர் இருக்கு? சேராம எங்க போகும்?"

செருகிப் பார்த்தோம். ஹெட்செட்டின் விளக்கு செம்மஞ்சளாகவே நின்றது. நானா வயரைப் பிடுங்கி, முனையில் ஊதி, மறுபடி செருகினார். நிறம் மாறவில்லை. கீழ்த்தட்டிலிருந்து இன்னொன்றை எடுக்கச் சொன்னேன். தகரப் பெட்டி போலக் கனம், பார்க்கவும் அழகில்லை. ஆறு ஜிபி கார்டு. செருகியதும் விளக்கு வெள்ளையானது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினேன். கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மண்டபம் திறந்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்ததில் என் முழங்கை பட்டு பிரிண்டர் மைப் பெட்டிகள் சரிந்து விழுந்தன.

"பாத்து சேர், பாத்து. உள்ளுக்கு வேற உலகம். வெளியில என்ட கடை."

மனைவி இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "எட்டு பெருசா, ஆறு பெருசா?"

"எட்டுதான்."

"அப்ப ஏங்க ஆற வாங்குறோம்?"

"எட்டுக்கு வாசல் இல்ல."

"டீச்சர், சேர் பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி கேட்டு எல்லாத்தையும் கெளறிட்டாரு" என்றார் நானா. "இனி வேணாம்னு சொன்னா பாவம்."

அவள் சரி என்றாள். ஆனால் தலவாக்கலை வரும்வரை பஸ்ஸில் அந்த எட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டில் விளையாட்டைக் கணினியில் ஏற்ற என்னை விட்டாள். ஹெட்செட்டைத் தொட விடவில்லை. "புதுசு எதையும் சாமிக்கு வைக்காம பாவிக்கிறதில்ல."

"கடையில நான் மாட்டிப் பாத்தேனே?"

"அது கடை. அப்ப அது நம்மளுது இல்ல."

தீபாவளியன்று காலையிலேயே பனி இறங்கியிருந்தது. புதுத்துணிகளின் ஓரத்தில் மஞ்சள் தடவி சாமிப் படத்தின் முன் வைத்தாள். பக்கத்தில் மடிக்கணினியும் ஹெட்செட்டும். நான் குசினியில் ஆட்டிறைச்சிக் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் கேட்டது, சாம்பிராணி வாசம் வந்தது. அங்கே என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்கவில்லை.

சோபா செட்டியைச் சுவரோரம் தள்ளி இடம் ஒதுக்கினோம். தங்கை போனில், வீடியோ அழைப்பில் காத்திருந்தாள். மனைவி புதுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள்.

"மேச ஓடுதுங்க!" என்று கத்தினாள். "ஐயோ, தரையே சாயுது!" என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கழற்றினாள், மறுபடி மாட்டினாள். மேசை இப்போது கூரைக்குப் போய்விட்டதாம்.

படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். கார்டு சூடாகிவிட்டதோ என்று அளவைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளிரில் அது சும்மா உட்கார்ந்திருந்தது; பாதி வலுவைக்கூடச் செலவிடவில்லை. இலக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தன. மேசை மட்டும் நிற்கவில்லை.

"ஆறு பத்தலங்க" என்றாள் மனைவி. "நான் அப்பவே கேட்டேன்." ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு செட்டியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடும் குரல் இல்லை அது. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மச்சான், எனக்கு மத்தியானம் டூட்டி" என்றாள் தங்கை போனில். "இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு." பிறகு, "அக்கா, அதக் கொஞ்சம் தூக்கிக் காட்டு. முன்பக்கம்."

மனைவி தூக்கிக் காட்டினாள். பிறகு வந்த சிரிப்பில் போனின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மச்சான், நாலு கண்ணுலயும் பொட்டு வெச்சிருக்கு! கமரா அக்கா அது!"

ஹெட்செட்டின் முன்பக்கத்தில் நான்கு சிறிய வட்டங்கள் உண்டு. அவைதான் அறையைப் பார்த்து, மாட்டியிருப்பவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்கிடும் கமராக்கள். நான்கிலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம், கச்சிதமாக வைக்கப்பட்டுக் காய்ந்திருந்தன.

"நெத்தி மாதிரி இருந்துச்சு, வெச்சேன்" என்றாள் மனைவி.

"நாலு நெத்தியா?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

என் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை நனைத்துத் துடைத்தேன். மடிக்கணினியின் மூடியில் இருந்த பொட்டைத் துடைக்க அவள் சம்மதிக்கவில்லை.

மேசை நின்றது. நான் மடிக்கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கரும்பச்சை மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தலையும் இரண்டு கைகளும் மிதந்தன. முகம் இல்லை, உடம்பு இல்லை. பந்து போய் வந்தது. முதல் புள்ளிகள் தங்கைக்கு. மனைவி அலுமாரிக்கு நேரே காற்றை வீசி வீசி அடித்து, "ஏமாத்தாத! விளிம்புல பட்டுச்சு!" என்று வாதாடினாள்.

பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"புறங்கையால, பேக்ஹாண்ட் அடி."

"அடிக்கிறேனே."

"இல்ல. அந்தப் பக்கம் போடுற எல்லாத்தையும் சுத்தி வந்து அடிக்கிற. பேக்ஹாண்ட்தானே உன் அடி? கையில என்ன?"

திரையில் அந்தத் தலை ஒரு பக்கம் திரும்பியது. கை மேசைக்கு மேலேயே நின்றது.

"மணிக்கட்டு. மெத்தையத் தூக்கித் தூக்கி வந்தது."

"எப்பயிருந்து?"

"ரமழான் நோம்புக்கு முன்னாடியிருந்து."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா வேற எடத்துக்கு மாத்திருவாங்க அக்கா. இங்கதான் பழகினவங்க இருக்காங்க."

"மாத்தட்டும். நாளைக்கே போற. போயிட்டு எனக்குப் போன் எடுக்கிற. வேற என்ன மறைச்சிருக்க? சொல்லு."

பந்து கீழே உருண்டு காணாமல் போனது. அதன் பிறகு ஆட்டம் நடக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை நிறையச் சொன்னாள். நடுவில் ஒருமுறை இருவரும் இடது கையால் அடித்துப் பார்த்து, ஒரு பந்தும் மேசையில் படாமல் சிரித்தார்கள்.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். குசினிக் கதவிலிருந்து மனைவி நின்ற இடத்துக்கு நேர் வழி, அலுமாரிக்கு முன்னால் இருந்த வெறும் தரைதான். அவள் அந்தத் தரையில் நின்ற தங்கையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். நான் தட்டை உயர்த்திப் பிடித்து, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.