ஒரு காதில் ஜிமிக்கி, ஒரு காதில் மூக்குத்தி

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே பாதி வேலை நடக்கும். அப்படி ஒரு காலையில், அழுதுகொண்டிருந்த பெண்குழந்தை ஒன்றுக்கு ஜன்னல் வழியாகக் கரும்பு டிராக்டரைக் காட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டர் போனதும் அவளுக்கு வேறு வேடிக்கை வேண்டியிருந்தது. என் இடது காதில் ஆடிக்கொண்டிருந்த ஜிமிக்கியைப் பிடித்தாள். நான் அவள் விரலைப் பிரிப்பதற்குள் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பயந்துபோய் அப்படியே பின்னால் சாய்ந்தாள். ஜிமிக்கியை மட்டும் விடவில்லை.

கல்யாணத்திலிருந்து அந்தக் கனமான ஜிமிக்கியைத்தான் போட்டு வந்தேன். அதன் பாரத்தில் துளை ஏற்கெனவே நீண்டு, ஒரு நூலிழைத் தோலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அறுந்துவிட்டது. வலித்ததை விட, பிளவுஸ் தோளெல்லாம் ரத்தமானதைப் பார்த்துப் பிள்ளைகள் வரிசையாக அழ ஆரம்பித்ததுதான் பெரிய பாடாக இருந்தது. ஆயாம்மா மஞ்சளை வைத்து அழுத்தினாள். ஆஸ்பத்திரிக்கு நாளை போகலாம், நாளை போகலாம் என்று விட்டதில் காது இரண்டாகப் பிளந்தபடியே ஆறிவிட்டது.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலமே குழந்தையின் அம்மா வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிக்கோங்க டீச்சர். வூட்லயும் என் காதை இப்டித்தான் இழுத்துக்கினே இருக்கும். அதனாலதான் நான் ஒண்ணும் போடறதில்ல."

அப்போதுதான் கவனித்தேன். அவள் காதுகளில் துளை மூடிவிடாமல் இருக்க இரண்டு ஈர்க்குச்சி செருகியிருந்தாள். தினமும் வாசலில் பார்க்கிறவள்தான். அவள் காதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் காதை மட்டும் அன்றிலிருந்து ஊரே பார்த்தது.

தொங்கட்டான் இல்லாத காதுக்கு எங்கள் பக்கத்தில் மூளி என்று பெயர். கடைக்குப் போனால், பஸ்ஸில் உட்கார்ந்தால், "இன்னா டீச்சர், ஒரு காது மூளியா இருக்குது?" என்று கேட்டார்கள். இரண்டு காதும் மூளியாக இருந்தால் கஷ்டகாலம் என்று நினைத்துக்கொள்வார்கள்; ஒன்று மட்டும் என்றால் என்ன நினைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் முடியை இழுத்துவிட்டு மறைக்கப் பழகினேன்.

அந்தச் சமயத்தில்தான் மடுகரையில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. நாத்தனார் என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நான் பெண்ணுக்குத் தாய்மாமன் மனைவி. தட்டு எடுப்பதிலிருந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் குங்குமம் கொடுப்பது வரை முன்னால் நிற்க வேண்டியவள். மறைந்து நிற்க வழியில்லை.

அண்ணி காலையிலேயே என்னை உள்அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். கையில் ஒரு கவரிங் தோடு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்.

"அப்டியே ஒட்டிடறேன். நீ தலைய மட்டும் ஆட்டாத."

"ஒரு காது மூளியா நின்னா இன்னா அண்ணி ஆயிடும்?"

"மொத மொத வராங்க. பொண்ணோட அத்தை மூளிக் காதோட வந்து குங்குமம் குடுத்தான்னு பேசுவாங்க. இந்த ஒரு நாளு கேளும்மா."

கேட்டேன். மண்டபத்தில் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. வேர்வை கழுத்தில் இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் குனிந்து குங்குமத் தட்டை நீட்டினேன். தோடு கழன்று, சத்தமே இல்லாமல் குங்குமத்தில் விழுந்தது.

அந்த அம்மா அதை எடுத்து ஊதிப் பார்த்தார். "யாருதும்மா இது?"

பின்னால் அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏனோ அந்த நிமிடத்தில் வெட்கத்தை விடக் களைப்பாக இருந்தது.

"என்னுதுதாங்க. பால்வாடில ஒரு பாப்பா இழுத்து காது அறுந்துடுச்சி. ஒட்டிக்கினு வந்தேன்."

அவர் என் காதைப் பார்த்தார். பிறகு தோட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "புள்ளைக்கு அடி கிடி படலியே?"

"இல்லங்க."

"அப்ப சரி." குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் தட்டை நகர்த்தினார். அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு மாறியது, கேசரி வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அண்ணிக்கு மட்டும் அது அவ்வளவுதானாக இல்லை. பாத்திரங்களை வேனில் ஏற்றும்போது என்னிடம் வந்தார்.

"ஏதோ அந்தம்மா நல்லவங்க. இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?"

"இன்னா ஆயிருக்கும் அண்ணி? யாரு சொன்னது ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி போட்டாதான் மங்களம்னு?"

"யாரும் சொல்லல. அது அப்டித்தான்."

அந்த 'அப்படித்தான்' பல நாள் என்னோடு இருந்தது. நான் கரையாம்புத்தூரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மூக்குத்தி வலது பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபோது மாமியார் வீட்டில் இடது பக்கம்தான் முறை என்றார்கள். வலது துளையைத் தூர்ந்துபோக விட்டு இடது பக்கம் குத்திக்கொண்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான். அந்தத் தூரத்துக்குள் முறை மூக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. சலங்கை வைத்த கொலுசு என்றால் எனக்கு உயிர். முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், "இனிமே இன்னாத்துக்கு சத்தம்?" என்று யாரோ சொல்லக் கழற்றி வைத்தேன். சொன்னது யார் என்று இன்று யோசித்தால் முகம்கூட ஞாபகம் வரவில்லை. கொலுசு மட்டும் பீரோவில் கறுத்துக் கிடந்தது.

அறுவடை முடிந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைத் தைத்துக்கொண்டேன். டாக்டரம்மா சின்ன வயசு. தையல் பிரித்த அன்று, "சில மாசம் போகட்டும், தழும்பை விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளிக் குத்திக்கோங்க. ஆனா இந்தக் காதுல கனமா எதுவும் போடக் கூடாது" என்றார்.

"வலது காதுல போடலாமா?"

"அது நல்லாத்தானே இருக்கு?"

சில மாசம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டேன். ஜிமிக்கியை விடவும் மனமில்லை. வலது காதில் அது இருக்கட்டும், இடது காதுக்கு லேசாக ஒரே ஒரு தோடு வாங்கிக்கொள்ளலாம் என்று வில்லியனூரில் ஒரு நகைக்கடைக்குப் போனேன்.

"சிங்கிளா தர மாட்டோம்மா. ஜோடிதான்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு ஒரு காதுக்குத்தான் வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் திரும்பினார். நான் எழுந்து வரும் வழியில் மூக்குத்தித் தட்டு கண்ணில் பட்டது. வெல்வெட் துணியில் எல்லாம் ஒற்றை ஒற்றையாகக் குத்தி நின்றன. ஒன்றுக்கும் ஜோடி இல்லை, யாரும் கேட்பதுமில்லை. அங்கே நின்ற பெண்ணிடம் சின்ன வெள்ளைக்கல் வைத்த ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். நான் தலையைத் திருப்பிக் காதில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, இது மூக்குக்கு."

"தெரியும்மா. திருகு கழண்டு விழாதில்ல?"

"விழாது." அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். "நல்லாதான்க்கா இருக்குது."

அன்று நான் வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தார். எதுவோ மாறியிருக்கிறது என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. சோறு போடும்போதுதான் கண்டுபிடித்தார். "ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சிறுசு. நம்ம ஏர் மாடு மாதிரி" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணி ஒரு வாரம் கழித்து வந்தார். காதைப் பார்த்தார். டீ குடித்து முடித்த பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்புக்கல் தோட்டை எடுத்தார். ஒற்றைத் தோடு. அவர் கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கிக் கொடுத்த ஜோடியில் ஒன்று நாற்று நடும்போது சேற்றில் போய்விட்டதாம். மற்றதை இத்தனை வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

"சும்மா, எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்னு."

நான் கண்ணாடியைக் கொண்டு வந்தேன். ஒரு காதில் சிவப்புக்கல்லும் மறு காதில் தினம் போடுகிற தோடுமாக அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் கல்லை ஒருமுறை தொட்டார். பிறகு கழற்றி முடிச்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம்மா. அது இல்லன்றது ஞாபகம் வந்துகினே இருக்கும். நீ போட்டுக்கோ உன் இஷ்டம் போல."

நான் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்பதும் அவர் இஷ்டம்தானே.

அண்ணி மகள் கல்யாணத்துக்கு நான் அதே ஜிமிக்கியும் மூக்குத்தியுமாகப் போனேன். கறுத்த கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்த்து அதையும் போட்டுக்கொண்டேன். மேடையில் உறவுக்காரர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. ஒரு காதுல வேற தோடு மாதிரி தெரியுது."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அண்ணி பதில் சொன்னார். "அது அப்டித்தான்பா. நேரா எடு."

எடுத்தார். பிறகு மேடையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தபோது என் கால் சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. மெதுவாக நடக்கலாமா என்று நினைத்தேன். பந்திக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்ததால் வேகமாகவே போனேன்.