ஜெயிக்கப் போகிற நேரத்தில் உட்கார்ந்த அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்து மலைகளில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடந்தது. நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். சமதரையில் நிறைய ஓடியிருக்கிறேன். மலையில் ஓடுவது அதுதான் முதல் தடவை.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இரண்டாவது இறக்கத்தில்தான் தொடைகள் என் பேச்சைக் கேட்க மறுத்தன. கால் வைக்கும்போதெல்லாம் முழங்கால் நடுங்கி மடங்கியது. மரங்களைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். நடுவில் ஒரு புதர் மறைவில் ஒதுங்கியபோது, சிறுநீர் கருப்பாகப் போனது. காலையில் குடித்த பீட்ரூட் ஜூஸாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் கடைசித் தண்ணீர்ப் பந்தல். அதற்குப் பிறகு தார் ரோடுதான், பந்தயம் முடியும் இடம் பக்கம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரான நகரியைச் சேர்ந்தவர், வீட்டில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். அன்று பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஏன் உட்கார்ந்துவிட்டார் என்று நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, கடைசியா ஒண்ணுக்குப் போனியே, இன்னா கலர்ல போச்சு?"

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "நார்மல்தான்க்கா" என்றேன்.

"பொய் சொல்லாத. நீ எறங்கி வர்றத பாத்துக்கினுதான இருந்தேன். எனுக்கு டீ டிகாஷன் மாதிரி போச்சு. அதான் உக்காந்துட்டேன்."

பீட்ரூட் ஜூஸைப் பற்றிச் சொன்னேன். "பீட்ரூட்டுன்னா ரோஸாப் போவும். உனுக்கு கருப்பாப் போச்சா இல்லியா?" என்றார். தலையாட்டினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தானே, முடித்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"போன தடவ நானும் அப்டித்தான் ஓடினேன். அப்புறம் ஐசியூல கெடந்தேன் தம்பி. எம் பசங்க ரெண்டும் கண்ணாடி வழியா பாத்துக்கினு நின்னுச்சுங்க" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்த தெலுங்குப் பெண் பந்தலை நெருங்கினாள். அவளிடமும் அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். "பாகா போத்துன்னாவு, போ போ!" நன்றாகப் போகிறாய் என்று கைதட்டி உற்சாகமாக அனுப்பிவைத்தார் அக்கா. அந்தப் பெண் ரோட்டு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது மட்டும் அவர் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டு, "வண்டிய வரச் சொல்லுங்கப்பா, ரெண்டு பேரு போவணும்" என்றார். நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். இறக்கத்தில் உடம்பின் எடை மொத்தத்தையும் தொடைத் தசைதான் பிரேக் போட்டுத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்றார். எப்படிப் பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார். வாரா வாரம் திருமலைக்கு அலிபிரி படியில் ஏறி, பஸ்ஸில் இறங்குவேன் என்றேன். சலைன் ஏறிக்கொண்டிருந்த கையோடு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருக்குப் பாதிப்பு குறைவு. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னுடைய ரிப்போர்ட்தான் டாக்டரையே பயமுறுத்தியது. டயாலிசிஸ் வரை பேச்சு போய், ஒரு வாரம் கழித்துத் தப்பித்தேன். அக்கா கிளம்பும்போது என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் இன்னாம்மா பண்ணேன்? கலரு கேட்டேன், அவ்ளோதான்" என்றார்.

அடுத்த வருடம் அதே மலையில் அவர் மூன்றாவதாக வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குகிறவர்களைப் பார்த்து அதுவரை வியந்திருக்கிறேன். இப்போதெல்லாம் எதையாவது விட முடியாமல் பிடிவாதம் பிடிக்கும்போது, கைக்கு வந்த வெற்றியை விட்டு உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் போனவளுக்குக் கைதட்டிய அந்த அக்காவின் முகம்தான் எனக்குத் தைரியம் சொல்கிறது.