அலுமாரிக்குள் ஒரு வகுப்பறை

அந்தக் கணினி ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். கண்டி மஹய்யாவயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அதை உருவாக்கினேன். கரண்ட் போகும்போதெல்லாம் மெமரி கார்டு கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. நாலாம் தடவைதான் நிலைத்து ஓடியது. இணையம் வேண்டாம், டேட்டா வேண்டாம். ப்ளக்கில் செருகினால் அதுவே வைஃபை வீசும். வகுப்பில் இருக்கிற எந்தப் போனிலும் பாடம் திறக்கும். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில், சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் இல்லை. அவர்களுக்காக முக்கோணங்களும் சமன்பாடுகளும் என் குரலில் அதற்குள் காத்திருந்தன.

பாடசாலை அதிபர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். சிவப்பு நாடா சுற்றினார். இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இன்னைக்கே போட்டுக் காட்டுறேன் சேர்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. பிரதம விருந்தினர் வந்து தொறக்கணும். முன்னாடியே தொட்டுட்டா அவர மதிக்கலன்னு நெனைப்பாரு."

பிரதம விருந்தினர் என்றால், வாக்குக் கேட்க மட்டும் மலையேறும் பெரியவர். அவருக்கு மழை. அவருக்குக் கொழும்பில் கூட்டம். அவருக்கு யாரோ வீட்டுக் கல்யாணம். வாராவாரம் போன் எடுத்தேன். "அடுத்த கிழமை நிச்சயம் சேர்" என்றார் அதிபர். சரி என்றேன். இன்றைக்கும் எரிவது இதுதான்: நான் சரி என்றேன். பஸ் ஏறிப்போய் அலுமாரியைத் திறங்கள் என்று கத்தவில்லை. மரியாதையாம்! அந்தச் சொல்லைக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பரீட்சை முடிந்த மறுவாரம் விழா நடந்தது. மேளம், மாலை, வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றவள் அந்தப் பரீட்சையை எழுதி முடித்த பிள்ளை. ஆள் உயரமாம், தட்டை நன்றாகப் பிடிப்பாளாம், தோட்டத்து லய வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நாடா அறுந்தது. திரையில் என் குரல் ஒரு முக்கோணத்தை விளக்கியது. ஓரத்தில் சின்ன எழுத்தில்: பார்த்தவர்கள், பூஜ்ஜியம்.

அவள் என் பக்கம் வந்தாள்.

"சேர், இதே மாதிரிக் கணக்குத்தான் பேப்பர்ல வந்துச்சு. எனக்குத் தெரியல, விட்டுட்டேன். இது எப்ப வந்துச்சு சேர்?"

"மூணு மாசமாச்சும்மா. அலுமாரியில பூட்டி வெச்சிருந்தாங்க."

"மூணு மாசமா நாங்க வகுப்புல சும்மா உக்காந்திருந்தோமே. அப்ப இது அலுமாரியிலயா இருந்துச்சு?"

தட்டைப் பெரியவரின் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"சேர், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று அதிபர் மைக்கை நீட்டினார். வாங்கினேன். அவள் கடைசியாகக் கேட்ட கேள்வியை, ஒரு சொல் குறைக்காமல், பெரியவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பழக்கதோஷம்.