ஜப்பான் கார்டும் காஞ்சிபுரத்து வெயிலும்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவனிடம் யாரும் "இதையெல்லாம் ஏன்பா விக்கிற?" என்று கேட்பதில்லை, கார்டு கடைக்காரனிடம் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் பாதி உங்களுக்கே தெரியும். மீதியைச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் என் கடை. விற்பது ராட்சசர்களும் டிராகன்களும் அச்சடித்த கார்டுகள். ஆளுக்கு அறுபது கார்டு கொண்ட கட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எதிராளியோடு மோத வேண்டும். ஒரே கார்டு ஆங்கிலம், ஜப்பான், கொரியா, சீனம் என்று நாலு மொழியில் வரும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாலு மொழி

பட்டுக்கடை மேனேஜர் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பாக்கெட் வாங்க வந்தார். எந்த மொழி வேண்டும் என்று கேட்டேன். நானும் அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். ஜப்பான் அச்சு துல்லியமாக இருக்கும், புதுக் கார்டு அங்கேதான் முதலில் வரும், கொரியா மலிவு, போட்டிக்குப் போவதென்றால் ஆங்கிலம் என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழ் இருக்கிறதா என்றார். தமிழில் அச்சடிப்பதில்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் நானே அச்சை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

"ஜப்பான்காரனே எங்க கடைக்கு வந்து தமிழ்ல பேரம் பேசிக்கினு பொடவ வாங்கினு போறான். இந்தக் கார்டுக்கு இன்னாபா வந்துச்சி?"

கரை வேறு, உடல் வேறு

சேகர் தறி நெய்கிறவர். கடையில் வாரம் ஒரு நாள் ஆட வருவார். ஜப்பான் கார்டின் முதுகு கரு நீலம், ஆங்கிலக் கார்டின் முதுகு வெளிர் நீலம். இவர் வேண்டுமென்றே பாதி அது, பாதி இது என்று வாங்கிக் கட்டு சேர்த்தார். "அண்ணே, முதுகைப் பார்த்தே அடுத்து வரும் கார்டு எதுவென்று தெரிந்துவிடும், இது கள்ள ஆட்டம்" என்று சொன்னேன். மனிதர் கட்டைக் கையில் விரித்து, தூரத்தில் வைத்து, தலையைச் சாய்த்து ரசித்தார். சாமி சத்தியமாக ரசித்தார்.

"உடல் ஒரு கலரு, பார்டர் ஒரு கலரு இருந்தாதாம்பா காஞ்சிபுரம். எல்லாம் ஒண்ணா இருந்தா மில் சரக்குபா அது."

ஜப்பானுக்குப் போகும் வழி

தர்மன் சாயப் பட்டறையில் வேலை செய்கிறவன். எங்கள் கடையிலேயே பெரிய ஆட்டக்காரன். ஜப்பான் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாமல் அறுபது ஜப்பான் கார்டையும் படத்தை வைத்தே மனப்பாடம் செய்தவன். எந்தக் கார்டு வாங்கினாலும் தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பட்டறைப் பழக்கம். பட்டு நூலின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்து ஒப்புக்கொள்கிறவனுக்கு அங்கே வேலையில்லை.

சென்னையில் போட்டி அறிவித்தார்கள். ஜெயித்தவருக்கு ஜப்பானில் நடக்கும் இறுதிச் சுற்றில் ஆட இடம். தர்மன் அன்று முதல் வேறு பேச்சே பேசவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். நான்தான் விதியைப் படித்துச் சொன்னேன்: இந்தியாவில் நடக்கும் போட்டிக்கு ஆங்கிலக் கார்டு மட்டும். அறுபதையும் மாற்றியாக வேண்டும்.

"ஜப்பான் போறதுக்கு ஜப்பான் கார்டு ஆவாதாணா?"

சிவப்பு நூல்

இரண்டு மாதத்தில் ஐம்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான், தங்க டிராகன். அது இல்லாமல் கட்டே ஓடாது. எங்கெங்கோ சொல்லி வைத்து ஒன்றை வரவழைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு ஜரிகை வியாபாரி வந்து, பளபளப்பைக் கண்டு எடுத்துக் காட்டச் சொன்னார். நான் போனில் பேசத் திரும்பிய நேரத்தில், சாவிமுனையால் டிராகனின் வயிற்றைச் சுரண்டிவிட்டார். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். டிராகனுக்குள் வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவருக்குக் கோபம் வந்தது.

"உள்ள செவப்பே இல்ல. டூப்ளிகேட்ட கண்ணாடிப் பொட்டில வச்சுக்கினு யார ஏமாத்துற?"

ஜன்னல் ஓரத்து மேஜை

வேறொரு தங்க டிராகன் போட்டியன்று காலையில்தான் கூரியரில் வந்தது. அதே ஆங்கிலம், ஆனால் வேறு நாட்டு அச்சு. முதுகின் நீலம் மயிரிழை வித்தியாசம். எனக்கு அது தெரியும். சொன்னால் தர்மன் வெயிலுக்கு எடுத்துப் போவான், பிறகு வேறொன்றை இரவல் கேட்டு மண்டபமெல்லாம் அலைவான் என்பதும் தெரியும். அதனால் சென்னை மண்டபத்துக்குள், முதல் சுற்றுக்குக் கூப்பிடும் நேரத்தில், டியூப்லைட்டின் கீழே, கண்ணாடி உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முதல் நாலு சுற்றும் ஜெயித்தான். கடைசிச் சுற்று மேஜை ஜன்னல் ஓரம். வெயில் நேராகக் கட்டின் மேல் விழுந்தது. அடுத்த கார்டை எடுக்கப் போன கை நின்றது. தர்மன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு நடுவரைக் கூப்பிட்டு, மேலே இருப்பது தங்க டிராகன், முதுகைப் பார்த்தே தனக்குத் தெரிகிறது என்றான். நடுவர் உற்றுப் பார்த்தார், செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், எதிராளியும் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆடுங்கள் என்றார் நடுவர். தர்மன் மாட்டேன் என்றான். அப்படியானால் உடனே மாற்றுக் கார்டு வேண்டும், ஐம்பத்தொன்பதோடு ஆட விதியில்லை. அவன் சட்டைப்பையில் அதே டிராகன் இருந்தது, ஜப்பான் மொழியில். அது செல்லாது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னை அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாலாஜாபாத் தாண்டும்போதுதான் நானே பேச்செடுத்தேன். "யாருக்கும் தெரியலையே தர்மா, ஆடியிருக்கலாமே" என்றேன்.

"எனக்குத் தெரியுதேணா. தெரிஞ்சிக்கினே எப்டிணா ஆடறது?"

நாலு மொழியில் கார்டு விற்கிற நான், சொல்ல வேண்டிய ஒன்றைத் தமிழில் சொல்லாமல் விட்டதால்தான் தர்மன் இன்னும் ஜப்பானைப் பார்க்கவில்லை.